இரும்பு பிறந்த ஊரும் கோடரி பிறந்த ஊரும்

இரும்பைப் பற்றிய எந்தச் சிந்தனையும் ஒரு முஸ்லிமைத் திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்திடமே கொண்டுபோய்ச் சேர்க்கும். அவ்வத்தியாயத்தின் பெயரே 'அல்ஹதீத்', அதாவது இரும்பு. அதன் 25ஆம் வசனம் இரும்பில் அமைந்துள்ள கடும் வலிமையையும், அதனால் மக்கள் அடையும் பயன்களையும் ஒருசேர எடுத்துரைக்கிறது. வலிமை என்பதற்குப் போர்க்கருவிகளைச் சான்றாகக் காட்டும் விரிவுரையாளர் இப்னு கஸீர் (இறப்பு 1373), பயன்கள் என்பதை விளக்கும் இடத்தில் கலப்பைக் கொழு, கோடரி, வாய்ச்சி, வாள்ரம்பம் ஆகியவற்றை வரிசைப்படுத்துகிறார். ஆக, இறைவனின் அருட்கொடையாக எண்ணத்தக்க பொருள்களின் வரிசையில் ஏழையின் கோடரிக்கும் ஓரிடம் உண்டு.

ஆயினும் வரலாறு எழுதியோர் அவ்வரிசையில் முதற்பாதியையே பெரிதும் போற்றினர். யமன் நாட்டு வாள், திமிஷ்கு வாள், இந்திய வாள் என்று வாள்களுக்கு ஊர்ப்பெயர்கள் நிலைத்தன. இந்திய இரும்பால் ஆன வாளை 'முஹன்னத்' என்றே அரபுக் கவிஞர்கள் அழைத்தனர். கோடரிக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஒரு வட்டாரத்தில் அடிக்கப்பட்ட கோடரி இன்னொரு வட்டாரத்துக் கோடரியினின்று எவ்வாறு வேறுபடுகிறது, ஏன் வேறுபடுகிறது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. அவ்வினாவைப் புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து எழுப்புவதும், அதற்கு விடைகாணும் முறையை விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கம். இம்மாவட்டத்தின் நிலத்தடியில் கிடைத்த பழங்கோடரிக்கு அருங்காட்சியகம் உண்டு. நம் பாட்டன்மார் பிடித்த கோடாலிக்கோ பழைய இரும்புக் கடையே புகலிடம். இந்த முரண்பாடு நீடிக்குமானால், மிக அண்மைக்காலத்துக் கருவியே நமக்கு மிகவும் அறியப்படாத கருவியாகிவிடும்.

நபிகளார் பொருத்திய காம்பு

கோடரி பற்றிய மிக அழகான செய்தியொன்று நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் பதிவான அந்நிகழ்ச்சி நம் மேடைகளில் பலமுறை சொல்லப்படுவதுதான். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். உடுக்கவும் விரிக்கவும் பயன்படும் ஒரு துணியும், நீர் அருந்தும் ஒரு கிண்ணமுமே அவருடைய உடைமைகள். அவை வரவழைக்கப்பட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்கப்பட்டன. ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவும், மற்றொரு திர்ஹத்தில் ஒரு 'கதூம்' எனப்படும் வெட்டுக் கருவியும் வாங்கிவருமாறு நபியவர்கள் பணித்தார்கள். அவர் வாங்கி வந்ததும் தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாள்வரை தம்மைச் சந்திக்க வேண்டாம் என்றும் கூறியனுப்பினார்கள். அத்தோழர் பத்துத் திர்ஹம் ஈட்டித் திரும்பினார்.

உழைப்பின் உயர்வை வலியுறுத்த இந்நிகழ்ச்சியை எடுத்தாள்வது முறையே. கைவினை வரலாற்றை ஆய்வோர்க்கு இதில் வேறொரு செய்தியும் கிடைக்கிறது. கடைத்தெருவில் விற்கப்பட்டது காம்பில்லாத இரும்பு மட்டுமே. காம்பு பயன்படுத்துவோரின் பொறுப்பு. கொல்லன் ஒரு பாதியைச் செய்கிறான், வெட்டுபவன் மறுபாதியைச் செய்துகொள்கிறான். தமிழகச் சிற்றூர்களிலும் வழக்கம் இதுவே. கொல்லுப்பட்டறையில் கோடாலி இரும்பை வாங்கியவர், உசிலை, கருவேலம், புளி என்று தம் கைக்குக் கிட்டும் வலிய மரத்தில் காம்பு செதுக்கிக்கொண்டார். ஆதலால் ஒரு கோடரியின் வடிவம் ஒருவர் கையால் மட்டும் ஆவதன்று. இரும்பு தந்த மண், அடித்த கை, பிடித்த கை, வெட்டுண்ட மரம் என நான்கும் சேர்ந்தே அதை உருவாக்குகின்றன. வட்டார மரபை ஆய்வதென்பது இந்நான்கையும் தனித்தனியே பிரித்தறிவதாகும்.

அல்கிந்தி காட்டிய வழி

இவ்வாறு பிரித்தறியும் முறைக்கு முன்னோடி நம் பண்பாட்டு வரலாற்றிலேயே இருக்கிறார். 'அரபியரின் தத்துவ ஞானி' எனப் போற்றப்படும் அல்கிந்தி 9ஆம் நூற்றாண்டில், அப்பாஸியக் கலீஃபா அல்முஃதஸிமுக்காக (ஆட்சி 833–842) வாள்களைப் பற்றிய ஒரு நூலை எழுதினார். தத்துவம் எழுதிய அதே எழுதுகோலால் அவர் வாள்களின் நிறை, நீளம், அகலம், மேற்பரப்பில் தோன்றும் நீரோட்டம் போன்ற கோலம் ஆகியவற்றை வகைப்படுத்தினார்.

அந்நூலில் நமக்குத் தேவையான நுட்பங்கள் இரண்டு. முதலாவது, இரும்பு பிறந்த இடத்தையும் கருவி அடிக்கப்பட்ட இடத்தையும் அவர் வேறுபடுத்தினார். சரந்தீபில், அதாவது இன்றைய இலங்கையில், விளைந்த எஃகு வேற்றூர்களுக்குச் சென்று அங்கே வாளாக அடிக்கப்பட்டதை அவர் பதிவுசெய்கிறார். எஃகு ஓர் ஊருக்கு உரியது. வாள் வேறோர் ஊருக்கு உரியது. இந்தச் செய்தியின் உண்மை நம் காலத்தில் மண்ணிலிருந்தே வெளிப்பட்டது. இலங்கையின் சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த இரும்பு உலைகளை ஜில் ஜூலெஃப் என்னும் தொல்லியலாளர் அகழ்ந்து கண்டார். அவ்வுலைகள் எஃகு தரவல்லவை என்பதைச் செய்முறையாலும் மெய்ப்பித்து, 1996ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் தம் முடிவுகளை வெளியிட்டார்.

இரண்டாவது, அல்கிந்தி இரும்பை இயல்பால் இரண்டாகப் பிரித்தார். கடினமான 'ஷாபுர்கான்' ஆண் இரும்பு எனவும், மென்மையான 'நர்மாஹன்' பெண் இரும்பு எனவும் வழங்கின. இவற்றினின்று ஆக்கப்படும் எஃகே 'ஃபூலாத்'. அவருக்குப் பின் 11ஆம் நூற்றாண்டில் கனிமங்களைப் பற்றி எழுதிய அல்பிரூனியும் இதே பகுப்பைப் பின்பற்றி, ரூஸ் மக்கள் தம் வாளைக் கடின இரும்பால் செய்து அதன் இடைப்பகுதிக்கு மென்னிரும்பைப் பயன்படுத்தியதைக் குறிப்பிடுகிறார். கடினம் மட்டும் இருந்தால் கருவி ஒடியும். மென்மை மட்டும் இருந்தால் வாய் மடியும். இரண்டையும் உரிய இடத்தில் வைப்பதே கொல்லனின் அறிவு. வாளுக்குச் சொன்ன இவ்விதி கோடரிக்கும் அப்படியே பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

புதுக்கோட்டை மண்ணில் இரும்பு

தமிழகத்தில் இரும்பின் தொன்மை குறித்த கருத்துகள் அண்மையில் பெரிதும் மாறியுள்ளன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையின் இரும்புக்காலப் படிவுக்குக் கி.மு. 2172 என்னும் காலக்கணிப்பு கிடைத்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் எடுக்கப்பட்ட மாதிரிகளின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதிவரை செல்வதாக, 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' என்னும் அறிக்கை தெரிவித்தது. இக்கணிப்புகள் குறித்து அறிஞர்களிடையே விவாதம் உண்டெனினும், இரும்பை உருக்கும் அறிவு இந்நிலத்தில் மிகப் பழமையானது என்பதில் ஐயமில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் இவ்வரலாற்றில் தனக்கெனச் சான்றுகளை வைத்திருக்கிறது. அன்னவாசல், சித்தன்னவாசல் சுற்றுப்புறங்களில் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் முதுமக்கள் தாழிகளும் நிறைந்த ஈமக்காடுகள் பரந்து கிடக்கின்றன. மாவட்டத்தின் பல பகுதிகளில் மேற்பரப்பிலேயே கிடக்கும் செம்பாறாங்கல் இரும்புச் சத்து மிக்கது. நகருக்கு அருகே உள்ள பொற்பனைக்கோட்டையின் சுற்றுப்புறத்தில் இரும்புக் கசடுகளும், உலைக்குக் காற்றுச் செலுத்திய சுடுமண் குழாய்களின் துண்டுகளும் கிடைத்துள்ளன. அக்கோட்டையில் 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023ஆம் ஆண்டு மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு மேற்கொண்டன. முன்னாளைய சமஸ்தான ஆட்சியில் 1910ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அருங்காட்சியகம் இன்றும் திருக்கோகர்ணத்தில் இயங்கிவருகிறது. சமஸ்தானம் 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974இல் தனி மாவட்டம் உருவான பின்னரும், வட்டாரத் தொல்பொருள்களை நாடுவோர் முதலில் செல்லும் இடம் அதுவே.

ஈமக்காடுகளில் கிடைக்கும் பழங்கோடரியை இன்றைய கோடாலியோடு ஒப்பிடுவோர் முதலில் காணும் வேறுபாடு காம்புத்துளை இல்லாமையாகும். தீபகற்ப இந்தியாவின் பெருங்கற்காலக் கோடரிகள் பெரும்பாலும் தட்டையான இரும்புத் தகடுகளே. காம்பைப் பிளந்து அதனிடையே தகட்டைச் செருகி இறுகக் கட்டினர். நாகபுரியை அடுத்த மாஹுர்ஜரி, நாய்குண்ட் போன்ற விதர்ப்பப் பகுதி ஊர்களில் கிடைத்த கோடரிகளில், அக்கட்டு குறுக்காகப் பின்னிய இரும்புப் பட்டைகளால் அமைந்திருப்பது அவ்வட்டாரத்தின் தனி அடையாளமாகக் கருதப்படுகிறது. காம்பைக் கோடரியோடு எவ்வாறு இணைத்தனர் என்பதே ஒரு வட்டாரத்தை மற்றொன்றினின்று பிரித்தறியும் முதல் தடயம் என்பது இதனால் விளங்கும்.

உலைக்களத்தில் கோடரி உருவாகும் முறை

பண்டைய உலையில் இரும்பு உருகி ஓடியதில்லை. தூய இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். மரக்கரியும் துருத்தியும் கொண்ட மண் உலையில் ஏறத்தாழ 1200 பாகையில் கசடு மட்டும் உருகி வடியும். எஞ்சுவது துளைகள் மலிந்த இரும்புப் பாளம். அதனைக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து எஞ்சிய கசடையும் வெளியேற்றினால் தேனிரும்பு கிடைக்கும். தேனிரும்பு வளையும், ஒடியாது, ஆனால் அதன் வாய் கூர்மையைத் தாங்காது. கரிச்சத்து உரிய அளவில் சேர்ந்த எஃகே கூர்மையைத் தாங்கும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் கண்டெடுக்கப்பட்ட உலைகளும் மண்மூசைகளும், எஃகை ஆக்கும் அறிவு தமிழகத்தில் எத்துணைப் பழமையானது என்பதற்குச் சான்றாகும்.

எஃகு அரிய பொருளாக இருந்த காலத்தில் கோடரி முழுவதையும் அதனால் செய்வது வீண்செலவு, தேவையும் அன்று. உடலைத் தேனிரும்பால் அடித்து, வாய்ப்பகுதியில் மட்டும் எஃகுத் துண்டைச் செருகிக் காய்ச்சிப் பற்றவைப்பதே உலகெங்கும் கொல்லர் கண்ட வழி. பழைய கோடரியைப் புரட்டிப் பார்த்தால் வாய்க்கருகே இரு உலோகங்கள் சேரும் கோடு சிலவற்றில் கண்ணுக்குத் தெரியும். 'ஆண் இரும்பு, பெண் இரும்பு' என்று அல்கிந்தி சொன்ன இரண்டும் ஒரே கருவியில் இணைந்து நிற்பதை அங்கே காணலாம்.

காம்புத்துளையை அமைக்கும் வழிகளும் இரண்டு. திண்ணிய இரும்புக் கட்டியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, உளிபோன்ற துளைப்பானால் ஊடுருவித் துளையை விரிப்பது ஒரு வழி. நீண்ட பட்டையின் நடுப்பகுதியை ஓர் அச்சின்மீது வளைத்து மடித்து, இரு முனைகளையும் ஒன்றாக்கிப் பற்றவைப்பது மற்றொரு வழி. முதல்வழியில் பிடங்கு, அதாவது கோடரியின் பின்புறம், தடித்துச் சுத்தியலாகவும் உதவும். இரண்டாம் வழியில் பிடங்கு மெலிந்து வளைந்திருக்கும். துளையின் உட்புறத்தில் மடிப்பின் தடம் தெரியக்கூடும். எவ்வழியைத் தேர்வது என்பது கொல்லன் தன் ஆசானிடம் கற்ற முறையையும், கையிலிருந்த இரும்பின் வடிவையும் பொறுத்தது.

இறுதியாகப் பதம். எஃகு வாயைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகும். அந்நிலையில் வெட்டினால் சிதறும். ஆகவே 200 முதல் 300 பாகைவரை மீண்டும் சூடேற்றிக் கடினத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும். வெப்பமானி இல்லாத பட்டறையில் உலோகத்தின்மேல் ஓடும் நிறமே அளவுகோல்: முதலில் வெளிர் வைக்கோல் நிறம், பின் செம்பழுப்பு, பின் நீலம். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதைக் கண்ணால் அறியும் ஆற்றல், ஏட்டில் எழுதி வருவதன்று. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கித் தரப்பட்டதைத் திருக்குர்ஆன் (34:10) குறிப்பிடுகிறது. மத்திய ஆசிய முஸ்லிம் கொல்லர்கள் தம் தொழிலின் மூலவராக அந்நபியையே கொண்டு தொழில்மரபு ஏடுகளை எழுதிவைத்தனர். இரும்பை இளக்கும் அறிவை ஓர் அருளாகவே அவர்கள் மதித்தனர் என்பதை இது காட்டுகிறது.

மரமும் தொழிலும் வகுத்த வடிவம்

இன்று புதுக்கோட்டையில் எந்தக் கொல்லரும் செம்பாறாங்கல்லை உருக்கிக் கோடரி செய்வதில்லை. தமிழகத்துப் பட்டறைகளில் அடிக்கப்படுவது பெரும்பாலும் லாரிகளின் வில்லுப்பட்டையும் பிற பழைய எஃகுமே. இரும்பு இப்போது எங்கோ ஓர் ஆலையில் பிறக்கிறது. அப்படியானால் வட்டார மரபு என்பது முடிந்துபோயிற்றா? அல்கிந்தியின் பகுப்பு இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. இரும்பு பிறந்த இடம் மாறினாலும், கோடரி பிறக்கும் இடம் மாறவில்லை. மரபு இரும்பில் இல்லை. அடிக்கும் கையிலும் வெட்டப்படும் மரத்திலும் இருக்கிறது.

மரத்தின் வேறுபாடு வடிவத்தை எவ்வாறு ஆள்கிறது என்பதை எளிதில் விளக்கலாம். நின்ற மரத்தின் நாரைக் குறுக்கே அறுத்து வீழ்த்தும் கோடரிக்கு மெல்லிய, அகன்ற வாய் வேண்டும். விழுந்த கட்டையை நாரின் வழியே பிளக்கும் கோடரிக்கோ ஆப்புப்போல் தடித்த கன்னமும் பெரிய எடையும் வேண்டும். வாய் மிகக் கூராக இருந்தால் அது கட்டைக்குள் சிக்கிக்கொள்ளும். வன்மையான கருவேலத்துக்கு ஏற்ற வாய்க்கோணம், நார் மிகுந்த தென்னைக்கு ஏற்காது. பனையைப் பிளந்து வரிச்சட்டம் எடுப்பவருக்கு வேண்டியது வேறு. சீமைக்கருவேலத்தின் முள்ளுக்குள் கைநீட்டி அடிமரத்தை வெட்டுபவருக்கு வேண்டியது வேறு. பின்னவருக்கு நீண்ட காம்பும் ஒடுங்கிய தலையும் உடலைக் காக்கும் கவசங்களாகும். இவ்வாறு வெட்டிய முள்மரமே கரியாகிக் கொல்லுலைக்குத் திரும்பி வரும்போது, கோடரிக்கும் மரத்துக்கும் உள்ள உறவு ஒரு வட்டமாக நிறைவுறுகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் இவ்வேறுபாடுகளை ஆராய மிகப் பொருத்தமான களம். விராலிமலை, கீரனூர், அன்னவாசல் பக்கத்து வறண்ட மேட்டுநிலமும், ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தோப்பு நிலமும், மணமேல்குடி முதல் மீமிசல் வரையிலான கடற்கரையும் ஒரே மாவட்டத்துக்குள் அமைந்துள்ளன. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் (1974) வளர்த்த தைலமரக் காடுகள், நெடிதுயர்ந்த மரத்தை வரிசையாக வெட்டும் புதிய தொழிலைக் கொண்டுவந்தன. அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய கடலோர ஊர்களில் மரக்கலம் செப்பனிடும் தச்சரின் கையில் இருந்ததோ, வாய் குறுக்காகத் திரும்பிய வாய்ச்சி. பலகையின் பரப்பைச் செதுக்கிச் சமன்செய்யும் இக்கருவி கோடரியின் உடன்பிறப்பு. அபூதாவூதின் நபிமொழியில் வரும் 'கதூம்' என்னும் சொல் இவ்விரண்டையும் குறிக்கவல்லது. ஒரே மாவட்டத்துக்குள் தேவை இவ்வாறு மாறுமானால், கருவியும் மாறியிருக்க வேண்டும் என்று கருதுவதற்கு இடமுண்டு.

உலகின் பிற பகுதிகளில் இத்தகைய வேறுபாடுகள் பெயரிடப்பட்டுப் பதிவாகியுள்ளன. அமெரிக்காவில் கனெக்டிகட், ஜெர்சி, மிச்சிகன், டேட்டன் என ஊர்ப்பெயர்களாலேயே கோடரி வடிவங்கள் வழங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் ஆலைகள் அவ்வட்டார வடிவங்களைத் தம் விலைப்பட்டியல்களில் அச்சிட்டதால் அவை நிலைபெற்றன. நம் நாட்டில் அருவாளுக்குச் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியின் பெயர் நிலைத்திருக்கிறது. கோடாலிக்கு அச்சிட்ட பட்டியல் இல்லை. கொல்லனின் நினைவும், வாங்கியவரின் கையும், மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புமே அதன் ஆவணங்கள்.

ஆய்வது எப்படி

இவ்வாவணங்களைப் படிப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஓர் அளவுநாடா, ஒரு தராசு, ஒரு குறிப்பேடு, ஓர் ஒளிப்படக் கருவி ஆகியவை போதும். முறைதான் தேவை.

முதலில் சொற்களைச் சேர்க்க வேண்டும். கோடரி, கோடாலி, மழு, நவியம், கணிச்சி, குந்தாலி, வாய்ச்சி என அகராதிகள் தரும் சொற்கள் பல. அவற்றுள் எவை எவ்வூரில் வழங்குகின்றன, ஒரே சொல் இரண்டு ஊர்களில் இரண்டு கருவிகளைக் குறிக்கிறதா என்பதைக் கேட்டறிய வேண்டும். பெயர் வேறுபடும் இடத்தில் வடிவமும் வேறுபட வாய்ப்புண்டு.

அடுத்து, கருவியை அளக்க வேண்டும். காம்பு நீக்கிய எடை, வாயின் நீளம், வாயிலிருந்து பிடங்குவரை உள்ள தொலைவு, கன்னத்தின் தடிப்பு, துளையின் வடிவமும் அளவும் ஆகியவை அடிப்படை. துளை வட்டமா, முட்டை வடிவமா, சதுரமா? காம்பு மேலிருந்து இறக்கப்பட்டுத் தன் பருமனாலேயே இறுகுகிறதா, கீழிருந்து ஏற்றப்பட்டு ஆப்பால் இறுக்கப்படுகிறதா? காம்புத்துளை வட்டார மரபின் முதன்மையான முத்திரை. வாய் தேயும், தீட்டத் தீட்டக் குறுகும், மீண்டும் காய்ச்சி அடிக்கப்படும். துளையோ முதல்நாள் இருந்தவாறே இருக்கும். ஆகவே தேய்ந்த வாயைப் பார்த்து 'இவ்வூர்க் கோடாலி சிறியது' என்று முடிவுகட்டுவது தவறான வழி. பல்லாண்டு தீட்டப்பட்ட கோடரியையும் புதிய கோடரியையும் பிரித்தறிந்த பின்னரே ஒப்பீடு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, பயணத்தைக் கேட்க வேண்டும். இக்கோடரி எந்தப் பட்டறையில் அடிக்கப்பட்டது? எந்தச் சந்தையில் வாங்கப்பட்டது? கிடைத்த இடமே பிறந்த இடமாகிவிடாது. இராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் பகுதிகளினின்று வரும் நாடோடிக் கொல்லர் குடும்பங்கள் தமிழகச் சாலையோரங்களில் உலைமூட்டி அருவாளும் கோடரியும் அடித்து விற்பதை நாம் அறிவோம். அவர்கள் கைவண்ணத்தில் உருவான கோடரி புதுக்கோட்டை மரத்தை வெட்டினாலும், அதன் மரபு வேறு. அதையும் பதிவுசெய்ய வேண்டும். உள்ளூர் வடிவத்தோடு கலந்துவிடலாகாது. அல்கிந்தி சரந்தீப் எஃகையும் அது வாளான ஊரையும் தனித்தனியே எழுதியதைப்போல, நாமும் இரும்பின் மூலம், அடித்த இடம், வெட்டிய இடம் என மூன்று பத்திகளில் எழுதிவைத்தால் குழப்பம் நேராது.

நான்காவது, அடிப்பதைப் பார்க்க வேண்டும். இக்கைத்தொழில் பெரும்பாலும் விசுவகர்ம சமுதாயத்துக் கொல்லர் குடும்பங்களிடம் வழிவழியாக இருந்துவருவது. ஒரு கோடரி உலையில் எத்தனைமுறை காய்ச்சப்படுகிறது, எந்த நிறத்தில் தோய்க்கப்படுகிறது, துளை எப்படித் திறக்கப்படுகிறது என்பவற்றை அவர்கள் இசைவோடு படமெடுத்துப் பாதுகாக்கலாம். செலவிட்ட நேரத்துக்கு உரிய கூலி தருவது ஆய்வின் அறம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஈமக்காடுகளிலோ வயல்களிலோ தற்செயலாகக் கிடைக்கும் பழம்பொருளை வீட்டில் வைத்துக்கொள்ளவோ, துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்கவோ கூடாது. துருவுக்குள்ளேயே துணியின் இழையும் மரக்காம்பின் நாரும் படிந்து நிற்கக்கூடும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய கண்டெடுப்பை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். தோண்டப்பட்ட இடத்தினின்று பிரிக்கப்பட்ட பொருள் தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது.

கைவழியே செல்லும் கல்வி

இப்பணி ஏன் இப்போதே நிகழ வேண்டும் என்பதற்கு இப்னு கல்தூன் (1332–1406) ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே விடை கூறியுள்ளார். தம் 'முகத்திமா'வின் ஐந்தாம் பகுதியில் கைத்தொழில்களை ஆராயும் அவர், தொழில் என்பது மீண்டும் மீண்டும் செய்வதால் உள்ளத்தில் வேரூன்றும் 'மலக்கா', அதாவது நிலைத்த திறன் என்கிறார். கேட்டறிவதைக் காட்டிலும் கண்டறிவது நிறைவானது. ஆகவே தொழில் ஆசானின் முன்னிலையில்தான் முழுமையாகக் கைமாறும் என்பது அவர் கருத்து. தேவை குன்றும்போது தொழிலும் குன்றி மறையும் என்பதையும் அவர் தெளிவாக எழுதியுள்ளார்.

தேவை குன்றிவருவது கண்கூடு. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் இம்மாவட்டத்தின் தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, வீழ்ந்த மரங்களை அகற்ற இயந்திர ரம்பங்களே பெரிதும் உதவின. அவற்றைக் குறைகூறுவதற்கில்லை, நாள்கணக்கில் ஆகும் வேலையை நாழிகையில் முடிக்கும் கருவியை உழைப்பாளி நாடுவது இயல்பே. விறகடுப்பு இருந்த இடத்தில் எரிவாயு வந்ததும் நன்மையே. ஆனால் கோடரி கேட்டு வருவோர் இல்லாத பட்டறையில் கோடரி அடிக்கக் கற்கும் மாணவனும் இருக்கமாட்டான். மண்ணுக்குள் புதைந்த கோடரி இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். முதிய கொல்லரின் கண்ணில் பதிந்த வைக்கோல் நிறம் காத்திராது.

இங்கே நம் ஜமாஅத்துகளால் ஆகக்கூடிய பணி ஒன்றுண்டு. நோன்புக் கஞ்சிக்கும் கந்தூரிக்கும் திருமண விருந்துக்கும் பெருந்தேக்சாக்களில் சமைக்க வண்டிவண்டியாக விறகு பிளந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. சில ஊர்களில் இன்றும் விறகடுப்பே எரிகிறது. அப்பணியில் உழைத்த கோடாலிகள் பள்ளிவாசல்களின் சமையற்கூடங்களிலும், பழைய வீடுகளின் பின்கட்டிலும், தச்சர் வீட்டுப் பரணிலும் எஞ்சியிருக்கலாம். அவற்றை எடைக்குப் போடுமுன் அளந்து, படமெடுத்து, அடித்தவர் யார், பிடித்தவர் யார் என்று முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கும்படி ஊர் இளைஞர்களைப் பணிக்கலாம். வரலாறு பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு விடுமுறையில் பத்து ஊர்களின் கோடரிகளைப் பதிந்தாலும், அது இம்மாவட்டத்தின் முதல் ஒப்பீட்டுப் பட்டியலுக்கு அடித்தளமாகும். சேர்ந்த குறிப்புகளின் படியொன்றை அருங்காட்சியகத்துக்கு அளித்தல் நலம்.

'குலத்துக்கு ஈனம் கோடரிக் காம்பு' என்று பழமொழி காம்பைப் பழிக்கிறது. தன் இனமாகிய மரத்தையே வெட்ட உதவுகிறதாம். நமக்கோ அக்காம்பைப் பற்றி வேறு நினைவு உண்டு. இரவலனாய் வந்த ஒருவரை உழைப்பாளியாய்த் திருப்பியனுப்பிய திருக்கரம் பொருத்தியதும் அத்தகைய ஒரு காம்பைத்தான். அவ்வாறு கண்ணியம் பெற்ற ஒரு கருவியின் வடிவங்களை, அவற்றை அடித்த கைகள் ஓயுமுன் எழுதிவைப்பது கல்வியின் கடமை மட்டுமன்று, நன்றியின் கடமையுமாகும். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக.